காணா வெப்பத்தின் கணக்கு

நுழையும்முன்

தொழிற்சாலைகளில் உருவாகும் வேதிப்பொருள்களுள் பெரும்பாலானவை வினையூக்கிகளின் துணையால் விளைகின்றன. அவ்வினைகளுள் பல, வெப்பத்தை வெளிவிடும் இயல்பின. இரும்புக் குழாய்களின் உள்ளே அவ்வெப்பம் எங்கே திரளும், எவ்வளவு உயரும் என்பதைக் கண்ணால் காண இயலாது, கணக்கால் அறியலாம். வினையூக்கிப் படுகையில் வெப்பநிலை ஏறி இறங்கும் முறையையும், அதனை முன்னறியக் கணித மாதிரி துணைநிற்கும் வகையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அறுவடை முடிந்தபின் வைக்கோலைப் போராக அடுக்குவோர், அது நன்கு காய்ந்துள்ளதா என்பதை முதலில் பார்ப்பர். ஈரம் மிகுந்த வைக்கோலைப் பெரும்போராகக் குவித்தால், சில நாள்களில் அதன் உட்பகுதி சூடேறத் தொடங்கும். நுண்ணுயிர்களின் செயற்பாட்டால் தோன்றும் வெப்பம், வெளியேற வழியின்றி நடுவில் தேங்கும். புறத்தே தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். கையை உள்ளே நுழைத்தால் வெம்மை சுடும். அவ்வெம்மை மேன்மேலும் பெருகினால், எவரும் தீ வைக்காமலே போர் பற்றி எரிவதும் உண்டு.

ஒரு குவியலில் வெப்பம் தோன்றும் விரைவுக்கும் அது வெளியேறும் விரைவுக்கும் இடையே நிகழும் போட்டியே இதற்கு அடிப்படை. இதே போட்டி, வேதித் தொழிற்சாலைகளில் வினையூக்கி நிரப்பிய குழாய்களுக்குள் ஒவ்வொரு நொடியும் நடைபெறுகிறது. அங்குத் தோன்றும் வெப்பம், வைக்கோற்போரில் தோன்றுவதைக் காட்டிலும் பன்மடங்கு விரைவானது. கையை நுழைத்துப் பார்க்கவும் அங்கு வழியில்லை.

வினையூக்கிப் படுகை

வினையூக்கி என்பது தான் செலவாகாமல் வேதிவினையின் வேகத்தைக் கூட்டும் பொருள். வளிமங்கள் வினைபுரியும்போது, திண்மநிலையிலுள்ள வினையூக்கியின் மேற்பரப்பில் வினை நிகழ்கிறது. எனவே மேற்பரப்பு எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு விளைச்சலும் மிகுதி. இதற்காக வினையூக்கியைச் சிறு உருண்டைகளாகவோ உருளைகளாகவோ செய்து, குழாய்க்குள் நெருக்கமாக நிரப்புகின்றனர். உருண்டைகளுக்கு இடையிலுள்ள சந்துகளின் வழியே வளிமம் வளைந்து நெளிந்து செல்கிறது. இவ்வாறு நிரப்பப்பட்ட அடுக்கே வினையூக்கிப் படுகை. அதனைக் கொண்ட கலன் படுகை வினைகலன் எனப்படுகிறது.

இதற்குத் தக்க சான்றாக, தாலிக் நீரிலி என்னும் பொருளின் உற்பத்தியைக் கூறலாம். பிளாஸ்டிக்கிற்கு நெகிழ்வூட்டும் பொருள்கள், வண்ணப்பூச்சுகளுக்கான பிசின்கள், சாயங்கள் ஆகியவற்றுக்கு இது மூலப்பொருள். தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையிலும் இப்பொருள் உருவாக்கப்படுகிறது. பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் ஆர்த்தோ சைலீன் ஆவியைக் காற்றுடன் கலந்து, வனேடியம் பென்டாக்சைடு கலந்த வினையூக்கியின் மீது செலுத்தினால், ஒரு சைலீன் மூலக்கூறு மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளுடன் இணைந்து, ஒரு தாலிக் நீரிலி மூலக்கூறாகவும் மூன்று நீர் மூலக்கூறுகளாகவும் மாறுகிறது.

இவ்வினை, ஒரு மோல் சைலீனுக்கு ஏறத்தாழ 1285 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. சைலீன் தாலிக் நீரிலியாக நின்றுவிடாமல் முற்றிலும் எரிந்து கார்பன் டைஆக்சைடாக மாறினால், வெளிப்படும் வெப்பம் அதனைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாகும். ஆகவே வெப்பநிலை அளவுக்கு மீறினால் இரண்டு கேடுகள் ஒருங்கே நேர்கின்றன. வேண்டிய பொருள் குறைகிறது; வேண்டாத வெப்பம் கூடுகிறது.

இவ்வெப்பத்தை அகற்றுவதற்காகவே வினைகலன் ஒரே பெருங்கலனாக அமைக்கப்படுவதில்லை. ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் செங்குத்தாக நிறுத்தப்படுகின்றன. அவற்றைச் சூழ்ந்து நைட்ரேட், நைட்ரைட்டு உப்புகளின் உருகிய கலவை ஓடிக்கொண்டிருக்கிறது. குழாய்ச் சுவரின் வழியே வெளிவரும் வெப்பத்தை அவ்வுருகிய உப்பு எடுத்துச் சென்று, நீரை நீராவியாக்கப் பயன்படுத்துகிறது.

ஒரு எளிய கணக்கு

வெப்பத்தை அகற்றாமல் விட்டால் என்ன நேரும்? கலவையில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டுமே சைலீன் என்றும், எஞ்சியது காற்று என்றும் கொள்வோம். நூறு மோல் கலவையில் ஒரு மோல் சைலீன் இருக்கும். அது முழுதும் தாலிக் நீரிலியாக மாறும்போது 1285 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஒரு மோல் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 31 ஜூல் வேண்டும். நூறு மோலுக்கு 3.1 கிலோஜூல். 1285ஐ 3.1ஆல் வகுத்தால் 414 என வரும்.

நூற்றில் ஒரு பங்கே எரிபொருள். ஆயினும் வளிமத்தின் வெப்பநிலை நானூறு பாகைக்கு மேல் உயர்ந்துவிடும். 350 பாகை செல்சியசில் உள்ளே நுழைந்த வளிமம் 750 பாகையைக் கடந்துவிடும். அவ்வெப்பநிலையில் வினையூக்கி தன் திறனை இழக்கும். சைலீன் முழுமையாக எரியத் தொடங்கி வெப்பம் இன்னும் மிகும். எனவே குழாய்ச் சுவரின் வழியே வெப்பம் இடைவிடாது வெளியேறுவது இன்றியமையாதது.

போட்டியின் இயல்பு

வெப்பம் வெளியேறும் விரைவு, படுகைக்கும் உருகிய உப்புக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேறுபாடு இருமடங்கானால் வெளியேறும் வெப்பமும் இருமடங்காகும். வரைபடத்தில் இது ஒரு நேர்க்கோடு.

வெப்பம் தோன்றும் விரைவு இவ்வாறு நேர்க்கோட்டில் செல்வதில்லை. வினைவேகம் வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் ஏறும் என்பதை ஸ்வீடன் நாட்டு அறிவியலறிஞர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1889ஆம் ஆண்டு சமன்பாடாக வகுத்தார். மூலக்கூறுகள் வினைபுரிய ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அதுவே கிளர்வு ஆற்றல். வெப்பநிலை சற்றே உயர்ந்தாலும், அவ்வாற்றலைப் பெற்ற மூலக்கூறுகளின் எண்ணிக்கை விரைந்து பெருகும்.

சைலீன் வினைக்குக் கிளர்வு ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 113 கிலோஜூல். உருகிய உப்பின் வெப்பநிலை 352 பாகை செல்சியஸ், அதாவது 625 கெல்வின் எனக் கொள்வோம். படுகையின் வெப்பநிலை அதனைவிட 10, 20, 40, 80 பாகை எனக் கூடும்போது நிகழ்வது என்ன? சைலீனின் அளவு மாறவில்லை எனக் கொண்டு கணக்கிட்டால் கீழ்க்காணும் விடைகள் கிடைக்கின்றன. இங்கு, 10 பாகை வேறுபாட்டில் வெளியேறும் வெப்பத்தை 1 எனவும், உப்பின் வெப்பநிலையிலேயே படுகை இருக்கும்போது தோன்றும் வெப்பத்தை 1 எனவும் கொள்க.

வேறுபாடு 10 பாகை: வெளியேறுவது 1, தோன்றுவது 1.4
வேறுபாடு 20 பாகை: வெளியேறுவது 2, தோன்றுவது 2.0
வேறுபாடு 40 பாகை: வெளியேறுவது 4, தோன்றுவது 3.7
வேறுபாடு 80 பாகை: வெளியேறுவது 8, தோன்றுவது 11.9

இரண்டு அளவுகளும் வெவ்வேறு அடிப்படையில் அமைந்தவை; ஆதலின் ஒன்றோடொன்றை நேரே ஒப்பிடலாகாது. ஒவ்வொன்றும் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பதையே நோக்க வேண்டும். வேறுபாடு 10லிருந்து 20 ஆகும்போது வெளியேறும் வெப்பம் இருமடங்காகிறது; தோன்றும் வெப்பமோ 1.4 மடங்கே ஆகிறது. இங்குக் குளிர்விப்பு முந்துகிறது. 20லிருந்து 40 ஆகும்போது இரண்டும் ஏறத்தாழ இணையாக வளர்கின்றன. 40லிருந்து 80 ஆகும்போது வெளியேறுவது இருமடங்காக, தோன்றுவது 3.2 மடங்காகிறது. இப்போது வினை முந்திவிடுகிறது. இவ்வாறு முந்திய பின், ஏறும் வெப்பம் வினையை விரைவுபடுத்த, விரைந்த வினை வெப்பத்தை மேலும் ஏற்றும். இந்நிலையைக் கட்டுமீறிய வெப்பேற்றம் என்பர்.

தெரியுமா?

வெப்பம் தோன்றுவதற்கும் வெளியேறுவதற்கும் இடையிலான போட்டி எந்த எல்லையில் வெடிப்பாக மாறும் என்பதை, சோவியத் அறிவியலறிஞர் நிகோலாய் செமெனோவ் 1928ஆம் ஆண்டு கணித முறையில் விளக்கினார். சுற்றுப்புறத்தின் தனிவெப்பநிலையை இருமடியாக்கி, கிளர்வு ஆற்றலை வளிம மாறிலியால் வகுத்துப் பெறும் எண்ணால் அதனை வகுத்தால், அவ்வெல்லை ஏறத்தாழக் கிடைக்கும். சைலீன் வினைக்கு அவ்வெண் 13,636. எனவே 625இன் இருமடியை 13,636ஆல் வகுக்க, 29 பாகை என்னும் விடை வரும். செமெனோவ் 1956ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைச் சிரில் ஹின்ஷெல்வுட்டுடன் பகிர்ந்துகொண்டார்.

வெப்ப முகடு

குழாயின் நுழைவாயிலில் சைலீனின் அளவு மிகுதி. எனவே அங்கு வினை விரைந்து நிகழ, வெப்பம் வெளியேறுவதைவிட விரைவாகத் தோன்றுகிறது, வெப்பநிலை ஏறுகிறது. சற்றுத் தொலைவு சென்றதும் சைலீன் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. வினைபுரியும் பொருள் குறைந்ததால் தோன்றும் வெப்பமும் குறைகிறது. ஓர் இடத்தில் தோன்றுவதும் வெளியேறுவதும் சமமாகின்றன. அதற்கப்பால் குளிர்விப்பே மேலோங்க, வெப்பநிலை படிப்படியாக இறங்கி உப்பின் வெப்பநிலையை நெருங்குகிறது.

ஆகவே குழாயின் நீளத்தைக் கிடையச்சிலும் வெப்பநிலையை நிலையச்சிலும் குறித்து வரைந்தால், முற்பகுதியில் செங்குத்தாக ஏறி, பிற்பகுதியில் மெல்லச் சரியும் ஒரு குன்றின் வடிவம் தோன்றும். அக்குன்றின் உச்சியே வெப்ப முகடு. மூன்று மீட்டர்க் குழாயில் பெரும்பாலும் முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே இம்முகடு அமைந்துவிடுகிறது.

முகடு எங்கே அமைகிறது, எவ்வளவு உயரமானது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதே மாதிரியின் தலையாய பணி. குழாயின் நடுவே மெல்லிய உறையொன்றைச் செலுத்தி, வெப்பநிலை அளவி கொண்டு அளப்பது உண்டு. ஆயினும் ஆயிரக்கணக்கான குழாய்களுள் ஒரு சிலவற்றிலேயே அவ்வாறு அளக்க இயலும். அவற்றிலும் குறிப்பிட்ட சில இடங்களிலேயே அளவிகள் இருக்கும். இரண்டு அளவிகளுக்கு இடையே முகடு எழுந்தால் அது மறைந்தே இருந்துவிடும்.

வரவும் செலவும்

கணித மாதிரியை அமைக்கும் முறை, இல்லத்தின் வரவு செலவுக் கணக்கை ஒத்தது. குழாயை மெல்லிய வட்டத் துண்டுகளாகப் பகுத்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கணக்குகள் எழுதப்படுகின்றன.

முதலாவது, பொருளின் கணக்கு. துண்டுக்குள் நுழைந்த சைலீனிலிருந்து, அங்கு வினைபுரிந்து மறைந்த அளவைக் கழித்தால், அடுத்த துண்டுக்குச் செல்லும் அளவு கிடைக்கும். இரண்டாவது, வெப்பத்தின் கணக்கு. வளிமம் கொண்டுவந்த வெப்பத்தோடு வினையால் தோன்றியதைக் கூட்டி, சுவர் வழியே வெளியேறியதைக் கழித்தால், அடுத்த துண்டுக்குச் செல்லும் வெப்பம் தெரியவரும்.

இவ்விரு கணக்குகளும் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. வினைபுரியும் சைலீனின் அளவை அறிய வெப்பநிலை தெரிய வேண்டும். வெப்பநிலையை அறிய வினைபுரிந்த அளவு தெரிய வேண்டும். எனவே இரண்டையும் ஒருங்கே தீர்க்க வேண்டியுள்ளது. துண்டின் தடிமனைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சுழியை நெருங்கச் செய்யும்போது, இக்கணக்குகள் வகைக்கெழுச் சமன்பாடுகளாகின்றன. அர்ஹீனியசின் அடுக்குக்குறி உறுப்பு அவற்றுள் இடம்பெறுவதால், தாளில் எழுதி எளிய வாய்பாடாகத் தீர்வு காண்பது பெரும்பாலும் இயலாது. நுழைவாயிலிலிருந்து தொடங்கி, ஒரு துண்டின் விடையை அடுத்த துண்டின் தொடக்கமாகக் கொண்டு, கணினி படிப்படியாக முன்னேறுகிறது.

கணினி பரவலாகத் தொடங்கிய காலத்திலேயே இவ்வாய்வுகளும் விரிவடைந்தன. ஓலெக் பிலூ, நீல் அமண்ட்சன் ஆகியோர், குழாய் வினைகலன்களின் வெப்பநிலை சிறு மாற்றங்களுக்கும் பெரிதாக எதிர்வினையாற்றும் இயல்பை 1956இல் ஆராய்ந்தனர். பெல்ஜியம் நாட்டின் கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஃப்ரோமென்ட், சைலீன் வினையையே சான்றாகக் கொண்டு படுகை வினைகலனின் மாதிரிகளை 1967இல் விளக்கினார். பின்வந்த பாடநூல்கள் பலவற்றில் அச்சான்று இடம்பெற்றது.

சிறு மாற்றமும் பெருவிளைவும்

இம்மாதிரிகள் உணர்த்திய உண்மைகளுள் முதன்மையானது, முகட்டின் உயரம் எல்லா நிலைகளிலும் சீராக வளர்வதில்லை என்பதாகும். உள்ளே செலுத்தும் சைலீனின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே சென்றால், தொடக்கத்தில் முகடும் சிறிது சிறிதாகவே உயரும். பத்துப் பாகை, பதினைந்து பாகை என வளரும் அம்முகட்டைக் கண்டு, இன்னும் கூட்டலாம் என்னும் துணிவு பிறக்கும். ஆனால் ஓர் எல்லையை நெருங்கியபின், சைலீனின் அளவில் ஒரு சில விழுக்காட்டு மாற்றமே முகட்டைக் கட்டுமீறச் செய்துவிடும். இவ்வியல்பை அளவுரு உணர்திறன் என்பர்.

நேற்றுவரை நன்றாக இயங்கியது என்பது இன்றைய பாதுகாப்புக்கு உறுதியளிக்காது என்பதே இதன் பொருள். எல்லைக்கு எவ்வளவு அண்மையில் நிற்கிறோம் என்பதை வெப்பநிலை அளவி சொல்லாது. அது இப்போதைய வெப்பநிலையை மட்டுமே காட்டும். எல்லையின் தொலைவை மாதிரியே கூற வல்லது. மேலும், எல்லை கடந்தபின் வெப்பநிலை ஏறுவது மிக விரைவாக நிகழும், வினையூக்கி பாழாகும், குழாய்கள் சிதையும். சிதைந்த குழாயின் வழியே, ஆக்சிஜனேற்றம் செய்யவல்ல உருகிய நைட்ரேட்டு உப்பு, எரியக்கூடிய பொருள்களுடன் கலந்தால் பணியாளர்களின் உயிருக்கே இடர் நேரும்.

குழாயில் சைலீன் செலவாகிக் குறைந்துகொண்டே வருவதால், செமெனோவின் 29 பாகை என்னும் எல்லையைக் காட்டிலும் முகடு சற்று உயர்ந்தாலும் வினைகலன் தாங்கும். எவ்வளவு உயரலாம் என்பது, வினை வெளிவிடும் மொத்த வெப்பத்தையும் சுவர் அகற்றும் திறனையும் பொறுத்தது.

நடுவும் ஓரமும்

மேற்கூறிய எளிய மாதிரி, ஒரு துண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகக் கொள்கிறது. உண்மை அவ்வாறன்று. வெப்பம் சுவரின் வழியேதான் வெளியேற வேண்டும். நடுவில் தோன்றிய வெப்பம் உருண்டைக்கு உருண்டை கடந்து சுவரை அடைய வேண்டும். உருண்டைகள் ஒன்றையொன்று புள்ளிகளில்தாம் தொடுகின்றன. எனவே படுகை வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. சுவரை ஒட்டிய பகுதியிலோ உருண்டைகள் நெருக்கமாக அமைய இயலாமல் இடைவெளி மிகுந்திருக்கும். அங்கும் வெப்பத்திற்குத் தடை எழுகிறது. இதனால் குழாயின் நடுப்பகுதி, ஓரத்தைக் காட்டிலும் பல பாகை கூடுதலான வெப்பத்துடன் இருக்கும். நீளத்தோடு ஆரத்தையும் கணக்கில் கொள்ளும் மாதிரி, இருபரிமாண மாதிரி எனப்படும். சராசரி வெப்பநிலை எல்லைக்குள் இருக்க, நடுப்பகுதி எல்லையைக் கடந்திருப்பதை இம்மாதிரி வெளிப்படுத்தும்.

இன்னும் நுட்பமாக நோக்கினால், உருண்டையின் வெப்பநிலையும் அதனைச் சுற்றியோடும் வளிமத்தின் வெப்பநிலையும் வேறுபடலாம். எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதை, விடை காண வேண்டிய வினாவே முடிவு செய்கிறது. தேவையின்றி மாதிரியை விரித்தால், அளந்தறிய இயலாத எண்கள் பலவற்றை ஊகித்து இட வேண்டிவரும். ஊகம் பெருகப் பெருக, விடையின் மீதுள்ள நம்பிக்கை குறையும்.

குளிர்ந்தால் கொதிக்கும் விந்தை

வெப்பநிலை ஏறுவதைக் கண்டவுடன், உள்ளே செலுத்தும் வளிமத்தைக் குளிர்விக்கலாம் எனத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு திடீரெனக் குளிர்வித்தால், படுகையின் ஒரு பகுதியில் வெப்பநிலை முன்னிருந்ததைவிடச் சிறிது நேரம் உயர்ந்துவிடும் என்பது வியப்பூட்டும் உண்மை. டான் லஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1981ஆம் ஆண்டு இதனை விரிவாக ஆராய்ந்து, எதிர்மாறான நடத்தை என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

இதற்கான காரணம் வளிமத்தின் வேகத்துக்கும் வெப்பத்தின் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டில் உள்ளது. வளிமம் குழாயைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடியே போதும். ஆனால் திண்ம உருண்டைகள் வெப்பத்தைப் பெருமளவு தேக்கி வைப்பவை. வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் படுகையின் வெப்பநிலையை ஒரு பாகை மாற்றத் தேவைப்படும் வெப்பம், ஒரு லிட்டர் வளிமத்திற்குத் தேவைப்படுவதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலாகும். எனவே குளிர்ச்சியின் அலை படுகையில் மிக மெதுவாகவே நகர்கிறது.

குளிர்ந்த வளிமம் நுழைந்ததும் படுகையின் முற்பகுதி குளிர்கிறது. அங்கு வினை மந்தமாகிறது. எனவே வினைபுரியாத சைலீன் மிகுதியாக எஞ்சி, நொடிப்பொழுதில் பிற்பகுதியை அடைகிறது. பிற்பகுதியோ இன்னும் பழைய வெம்மையிலேயே உள்ளது. வழக்கத்தைவிட மிகுதியான எரிபொருள், வெம்மை குறையாத படுகையைச் சந்திக்க, அங்குப் புதிய முகடு எழுகிறது. இடருக்கு மருந்தாகக் கருதிச் செய்த செயலே இடரைப் பெருக்கிவிடுகிறது. காலத்தோடு மாறும் நிலையையும் கணக்கிடும் மாதிரி இல்லையெனில், இதனை முன்னறிவது அரிது.

வெப்பத்தைப் பயனாக்கல்

எல்லா வினைகலன்களிலும் வெப்பம் பகையாக மட்டும் இருப்பதில்லை. உரத்தொழிலின் உயிர்நாடியான அம்மோனியாத் தயாரிப்பு இதற்குச் சான்று. ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தில் நிறுவிய முறையைக் கார்ல் போஷ் பெருந்தொழிலாக வளர்த்தார். ஜெர்மனியின் ஒப்பாவு என்னுமிடத்தில் 1913இல் அத்தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இணைந்து அம்மோனியா உருவாகும் வினை, வெப்பத்தை வெளிவிடும் மீள்வினை. வெப்பநிலை தாழ்ந்தால் சமநிலையில் அம்மோனியா மிகும். ஆனால் வினை மந்தமாகும். வெப்பநிலை உயர்ந்தால் வினை விரையும். ஆனால் கிடைக்கும் அம்மோனியா குறையும். ஆகவே தொடக்கத்தில் உயர்ந்தும், வினை முன்னேற முன்னேறத் தாழ்ந்தும் செல்லும் வெப்பநிலையே உகந்தது. இதனை எய்துவதற்காகப் படுகையைப் பல அடுக்குகளாகப் பிரித்து, இடையிடையே குளிர்ந்த வளிமத்தைச் செலுத்தியோ வெப்பப் பரிமாற்றிகளை அமைத்தோ வெப்பநிலையைத் தாழ்த்துகின்றனர். வினையில் தோன்றிய வெப்பமே உள்ளே வரும் வளிமத்தைச் சூடாக்கவும் பயன்படுகிறது.

இவ்வாறு தன் வெப்பத்தால் தானே இயங்கும் வினைகலனுக்கு வேறொரு வகை இடர் உண்டு. உள்வரும் வளிமம் ஓர் எல்லைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால், வினை தளர்ந்து, வெப்பம் குறைந்து, அதனால் வினை மேலும் தளர்ந்து முற்றிலும் அணைந்துவிடும். ஒரே சூழலில் எரிந்துகொண்டிருக்கும் நிலையும் அணைந்த நிலையும் இரண்டுமே இயலும் என்பதை வான் ஹீர்டன் 1953இல் விளக்கினார்.

மாதிரி காட்டும் வழி

மாதிரியின் பயன் எச்சரிப்பதோடு முடிவதில்லை. வடிவமைப்புக்கும் அது வழிகாட்டுகிறது. குழாயின் விட்டத்தைக் குறைத்தால், படுகையின் கனஅளவோடு ஒப்பிடச் சுவரின் பரப்பு கூடும். வெப்பம் எளிதில் வெளியேறும். முகடு எழும் முற்பகுதியில் திறன் குறைந்த வினையூக்கியையோ, வினைபுரியாத உருண்டைகளுடன் கலந்த வினையூக்கியையோ இட்டு, பிற்பகுதியில் திறன் மிக்கதை இட்டால், குன்றின் உயரம் குறைந்து சரிவு அகலும். விளைச்சல் குறையாமலே பாதுகாப்புக் கூடும்.

மாதிரிக்கும் எல்லைகள் உண்டு. வினையூக்கி நாளடைவில் திறன் இழக்கும். முற்பகுதி தளரும்போது வெப்ப முகடு மெல்லப் பின்னோக்கி நகரும். முதல் நாள் அளந்த எண்களைக் கொண்டு அமைத்த மாதிரி, ஆண்டுகள் சென்றபின் பொருந்தாமல் போகும். எனவே குழாய்களில் அளந்த வெப்பநிலைகளோடு மாதிரியின் விடைகளை ஒப்பிட்டு, அவ்வப்போது திருத்திக்கொள்வது கடமையாகிறது. அளவி காட்டும் எண்ணும் மாதிரி கூறும் எண்ணும் விலகத் தொடங்கினால், அவ்விலகலே படுகைக்குள் ஏதோ மாறியுள்ளது என்பதற்கான முதல் அறிகுறி.

வைக்கோலை நன்கு உலர்த்திப் போர் அடுக்கும் உழவர், உள்ளே தோன்றக்கூடிய வெப்பத்தை முன்கூட்டியே குறைத்துவிடுகிறார். பல்லாண்டுப் பட்டறிவு அவருக்கு அதனைக் கற்பித்தது. ஆயிரக்கணக்கான குழாய்களைக் கொண்ட வினைகலனில், தவறு செய்து கற்றுக்கொள்ள இடமில்லை. அங்குப் பட்டறிவு செய்ய வேண்டிய பணியைக் கணக்கு முன்கூட்டியே செய்து தருகிறது.

கலைச்சொற்கள்

வினைகலன்: வேதிவினை நிகழ்வதற்கென அமைக்கப்பட்ட கலன்.
வினையூக்கிப் படுகை: குழாய்க்குள் நெருக்கமாக நிரப்பப்பட்ட வினையூக்கி உருண்டைகளின் அடுக்கு.
கிளர்வு ஆற்றல்: மூலக்கூறுகள் வினைபுரியத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்.
வெப்ப முகடு: படுகையின் நீளவாக்கில் வெப்பநிலை மிக உயர்ந்திருக்கும் இடம்.
கட்டுமீறிய வெப்பேற்றம்: வெப்பம் தோன்றும் விரைவு, வெளியேறும் விரைவை விஞ்சி மேன்மேலும் பெருகும் நிலை.
அளவுரு உணர்திறன்: இயக்க அளவில் ஏற்படும் சிறு மாற்றம் வெப்பநிலையில் பெருமாற்றத்தை விளைவிக்கும் இயல்பு.

கற்பவை கற்றபின்

1. வெப்ப முகட்டின் வடிவத்தை வரைபடமாக வரைந்து, ஏற்றம், உச்சி, சரிவு ஆகியவற்றுக்கான காரணங்களை வகுப்பில் விளக்குக.
2. கலவையில் அரை விழுக்காடு சைலீன் மட்டுமே இருந்தால், வெப்பத்தை அகற்றாத நிலையில் வெப்பநிலை எவ்வளவு உயரும் எனக் கணக்கிடுக.
3. உங்கள் பகுதியில் வைக்கோல், எரு, விளைபொருள் ஆகியவற்றைக் குவித்து வைப்போர், உள்ளே வெப்பம் தேங்காமலிருக்கக் கையாளும் முறைகளைக் கேட்டறிந்து தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா

1. வினையூக்கியைச் சிறு உருண்டைகளாகச் செய்து நிரப்புவது ஏன்?
2. வெப்ப முகடு பெரும்பாலும் குழாயின் முற்பகுதியில் அமைவதற்குக் காரணம் யாது?

சிறுவினா

1. பொருளின் கணக்கும் வெப்பத்தின் கணக்கும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை விளக்குக.
2. உள்வரும் வளிமத்தைத் திடீரெனக் குளிர்விப்பதால் பிற்பகுதியில் வெப்பநிலை உயர்வது எங்ஙனம்?

நெடுவினா

‘எல்லைக்கு எவ்வளவு அண்மையில் நிற்கிறோம் என்பதை வெப்பநிலை அளவி சொல்லாது.’ இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு நிறுவுக.